ஒன்பது ஆல்பங்களும் கேட்காத குழுவும்

வானொலி நிலையத்தின் இயக்குநர் அம்மா ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, உலகத்தில் எதையும் வரிசைப்படுத்தாமல் விடக்கூடாது என்ற ஞானத்தோடு வந்தார். பயிற்சியில் மதியத் தூக்கம் போக மீதி நேரத்தில் கற்றது அது ஒன்றுதான் என்று விஷமிகள் சொன்னார்கள்; நாம் அதை நம்ப வேண்டாம். வந்த வாரமே நிலையத்தின் நாற்காலிகள் தர வரிசைப்படுத்தப்பட்டன. அடுத்து ஜன்னல்கள். அடுத்து மாடிப்படி. பதினெட்டுப் படிகளில் பதினோராவது படி முதலிடம் பெற்றது. நாலாவது படி கடைசி. தோற்றுப்போன படியில் கால் வைப்பது நிலையத்தின் கௌரவத்துக்கு உகந்ததல்ல என்று வாய்மொழி உத்தரவு இருந்ததால், ஊழியர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போனார்கள்.

ஊரிலும் அப்போது அதே காய்ச்சல்தான். பத்திரிகையைப் பிரித்தால் தலைசிறந்த பத்துக் குடைகள், தலைசிறந்த பத்துப் பல்வலிகள். மனிதர்கள் ஒரு பொருளைப் பார்த்தவுடன் அது எதற்கு என்று யோசிப்பதை விட்டுவிட்டு, எத்தனையாவது என்று யோசித்தார்கள்.

இந்த நிலையில்தான் இசைத்தட்டு அறைக்குச் சுற்றறிக்கை வந்தது. அந்த அறையின் காப்பாளரை நிலையத்தில் எல்லோரும் தட்டுக்காரர் என்பார்கள். இருபத்தேழு வருஷமாக அந்த அறையில் தட்டுகளைத் துடைத்து, அடுக்கி, எண் போட்டு வந்தவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் படித்தார்.

‘மேற்படி அறையின் பெரும்பகுதி, ஊழியர்களின் சிந்தனையைத் தூண்டும் பொருட்டு, உட்காருவதற்கு மெத்தை மூட்டைகள் போடப்பட்ட படைப்பூக்க அறையாக மாற்றப்பட உள்ளது. எனவே ஒரு கலைஞருக்கு மூன்று ஆல்பங்கள் வீதம் வைத்துக்கொண்டு, எஞ்சியவை உரிய மரியாதையுடன் நொறுக்கப்படும். முதற்கட்டமாக, வரும் மாதம் எழுபத்தைந்து வயது நிறைவடையும் ராக் இசைக் கலைஞர் அவர்களின் ஒன்பது தனி ஆல்பங்கள் இதற்கென அமைக்கப்படும் குழுவால் தர வரிசைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.’

தட்டுக்காரர் அதை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

அந்த ராக் கலைஞரை ரசிகர்கள் இடியார் என்று அழைப்பார்கள். வாலிப வயதில் நாலு பேர் கொண்ட குழுவில் கித்தார் அடித்துக்கொண்டே தொண்டை கிழியப் பாடியவர். பிறகு குழுவோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாக ஆல்பம் போட ஆரம்பித்தார். முதல் ஆல்பத்தின் பெயர் ‘நான் மட்டும்’. கடைசி ஆல்பம் ‘இன்னும் நான்’. இரண்டுக்கும் நடுவில் இருந்ததும் பெரும்பாலும் அவர்தான்.

ஏழாவது ஆல்பம் மட்டும் வேறு ஜாதி. அதன் பெயர் ‘ஈரத் துண்டு’. ஸ்டுடியோவுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அந்த வாரம் பார்த்து இடியாருக்குக் காய்ச்சல், தொண்டைக் கட்டு. நெற்றியில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு பாடி முடித்தார். அதில் இடி இல்லை, மின்னல் இல்லை. களைத்துப்போன ஒரு மனிதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். மூன்றாவது பாட்டில் உச்சத்துக்குப் போகும்போது குரல் உடைந்து, ஒரு கணம் காற்று மட்டும் வரும். ஆல்பம் படுதோல்வி. வெளியிட்ட கம்பெனியும் அதோடு கதவைச் சாத்தியது. மற்ற எட்டும் கைபேசியில் கிடைத்தன, இது கிடைக்கவில்லை.

தட்டுக்காரருக்கு உலகத்திலேயே பிடித்த பொருள் அந்தத் தட்டுதான். தினமும் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, காதுக் கருவியை மாட்டிக்கொண்டு அந்த மூன்றாவது பாட்டைக் கேட்பார். குரல் உடைகிற இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் அவரைப் பார்த்து ‘நீ வாயை மட்டும் அசை’ என்று சொன்ன நாளிலிருந்து பாட்டு மற்றவர்களின் சொத்து என்றே நினைத்திருந்தவர் அவர். இந்த ஒரு பாட்டில்தான் தன்னையும் சேர்த்துக்கொண்ட மாதிரி இருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

“நம்மகிட்டதான் ஒண்ணு இருந்துச்சேங்க?”

“இருந்துச்சு. உன் தம்பி வாங்கிட்டுப் போனான்.”

“ரெண்டு நாள்ல தரேன்னு சொன்னானே.”

“சொல்லிப் பத்தொன்பது வருஷம் ஆச்சு.”

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அப்ப வீட்ல உக்காந்து பொலம்பி என்ன ஆகப்போகுது? நீங்களும் அந்தக் குழுவுல சேர்ந்துக்குங்க. முதல் மூணுக்குள்ள கொண்டு வந்துடுங்க.”

நல்ல யோசனை. மறுநாள் அவர் தானும் ஓர் உறுப்பினராகப் பெயர் கொடுத்துவிட்டு, குழுவின் முதல் கூட்டத்துக்குப் போனார். இயக்குநர் அம்மா தலைமை. பண்டகசாலை அதிகாரி உறுப்பினர். சட்ட அதிகாரி ஆலோசகர். சட்ட அதிகாரி எந்தக் காரியத்தையும் தொடங்குவதற்கு முன்பே அதில் உள்ள குற்றத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்று நிலையத்தில் பெயர் வாங்கியவர்.

“முதல்ல ஒரு விஷயம். இந்த ஆல்பங்களைக் கேட்டவங்க யாராவது இங்க இருக்கீங்களா?” என்றார் அவர்.

தட்டுக்காரர் பாதி தூக்கிய கையை அப்படியே கொண்டுபோய்த் தலையைச் சொறிந்தார். “ஏன் சார்?”

“கேட்டவனுக்கு ஏதாவது ஒண்ணு பிடிச்சுப் போயிருக்கும். பிடிச்சுப் போனா அது பாரபட்சம். சொந்த அண்ணன் மகனை நேர்முகத் தேர்வுல உக்காந்து தேர்வு பண்ற மாதிரி. விதி இடம் கொடுக்காது.”

இயக்குநர் அம்மா நெகிழ்ந்துபோனார். “எவ்வளவு நேர்மையான விதி!”

“அப்ப எதை வெச்சு வரிசைப்படுத்தறது?” என்றார் தட்டுக்காரர்.

“கண்ணால பார்க்கக்கூடிய, கையால அளக்கக்கூடிய விஷயங்களை வெச்சு. காது ஆளுக்கு ஆள் மாறும். தராசு மாறாது.”

உறுதிமொழிப் படிவம் வந்தது. ‘மேற்படி ஒன்பது ஆல்பங்களையும் நான் நேரடியாகவோ, மறைமுகமாகவோ, அடுத்த வீட்டு ஜன்னல் வழியாகவோ கேட்டதில்லை எனவும், பொய் எனத் தெரியவந்தால் பணிநீக்கத்துக்குக் கட்டுப்படுகிறேன் எனவும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.’ தட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு தடவை நின்றது. மை தீர்ந்துவிட்டது என்று பண்டகசாலை அதிகாரி வேறு பேனா கொடுத்தார்.

முதல் தேர்வு, எடை. தபால் பிரிவிலிருந்து தராசு வந்தது. முந்தின நாளே விவரம் கசிந்திருந்ததால், தட்டுக்காரர் பழைய வருகைப் பதிவேட்டின் கெட்டி அட்டையைக் கத்தரித்து ‘ஈரத் துண்டு’ உறைக்குள் செருகியிருந்தார். அது முதலிடம் பெற்றது.

“நல்ல கனமான படைப்பு,” என்றார் பண்டகசாலை அதிகாரி.

இரண்டாவது தேர்வு, தேய்மானம். பண்டகசாலை அதிகாரி ஒவ்வொரு தட்டையும் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். எட்டுத் தட்டுகள் பளபளவென்று இருந்தன. ஏழாவதில் மூன்றாவது பாட்டு இருக்கும் இடம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது.

சட்ட அதிகாரி எட்டிப் பார்த்தார். “யாரும் கேட்காத தட்டு எப்படிய்யா தேயும்?”

“தூசி சார்,” என்றார் தட்டுக்காரர். “ஜன்னல் ஓரமா இருந்துச்சு. தூசி உக்காந்து உக்காந்து தேய்ச்சிடுச்சு.”

“எந்த ஜன்னல்?” என்றார் இயக்குநர் அம்மா.

“ஆறாவது இடம் வாங்கின ஜன்னல்மா.”

“அதானே பார்த்தேன். அந்த ஜன்னலை நான் அப்பவே நம்பலை.”

கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ‘ஈரத் துண்டு’ மூன்றாமிடத்தில் நின்றது. அன்று தட்டுக்காரர் வீட்டுக்குப் போய் மனைவியின் மிஷினுக்குத் தானாகவே எண்ணெய் விட்டார்.

ஆனால் பட்டியல் வெளியே கசிந்துவிட்டது. இடியாருக்கு மூன்று ரசிகர் மன்றங்கள் இருந்தன. மூன்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ‘நான் மட்டும்’ ஆறாமிடமா என்று ஒன்று வாயிலில் உட்கார்ந்தது. ‘இன்னும் நான்’ எட்டாமிடமா என்று மற்றொன்று எதிரே உட்கார்ந்தது. மூன்றாவது மன்றம் எந்த ஆல்பத்துக்காக என்று சொல்லாமலே உட்கார்ந்தது. மற்ற இரண்டும் உட்கார்ந்தபோது தாங்கள் மட்டும் நிற்பது நன்றாக இல்லை என்று அதன் தலைவர் பேட்டி கொடுத்தார். குழுவில் பெயர் சொல்லும்படியான ஆள் ஒருவர்கூட இல்லையே என்பதுதான் எல்லோருடைய பொதுக் குற்றச்சாட்டு.

“அப்ப இடியாரையே தலைவராப் போட்டுடலாம்,” என்றார் இயக்குநர் அம்மா.

“அவர் கேட்டிருப்பாரேம்மா!” என்றார் சட்ட அதிகாரி.

விசாரித்ததில், இடியார் கேட்டதில்லை. தோல் சட்டை கிறீச்சிட அவர் கூட்ட அறைக்குள் வந்து உட்கார்ந்து சொன்னார்: “பாடறது என் வேலை. பாடி முடிச்சா வீட்டுக்குப் போயிடுவேன். சமையல்காரன் தான் செஞ்சதையே உக்காந்து தின்னுட்டு இருப்பானா?”

இவ்வளவு தகுதியான நடுவர் இந்த நூற்றாண்டில் கிடைக்கமாட்டார் என்று சட்ட அதிகாரி குறிப்பு எழுதினார். இடியார் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்பது உறைகளும் மேஜைமேல் பரப்பப்பட்டன. அவர் அவற்றில் இருந்த தன்னுடைய ஒன்பது முகங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

“இது முதல். முடி நல்லா பறக்குது. இது ரெண்டாவது. இதுல தொப்பை தெரியலை.” கடைசியாக ஏழாவது உறையை ஒரு விரலால் தள்ளினார். “இது கடைசி. மூஞ்சி வீங்கிக் கெடக்கு. காய்ச்சல்ல எடுத்த போட்டோ. இதை மொதல்ல நொறுக்குங்க.”

“உறுப்பினர்கள் கையெழுத்து,” என்று பட்டியலை நீட்டினார் சட்ட அதிகாரி.

தட்டுக்காரரிடம் வந்தது. அவர் பேனாவை வாங்கவில்லை.

“நான் ஆட்சேபிக்கிறேன் சார்.”

“எந்த அடிப்படையில?”

இருபத்தேழு வருஷ வேலை, இன்னும் இரண்டு வருஷத்தில் வரவேண்டிய ஓய்வூதியம், மிஷின் முன்னால் குனிந்திருக்கும் மனைவி, எல்லாம் நினைவுக்கு வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் தட்டு நொறுங்குகிற சத்தத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“நான் கேட்டிருக்கேன் சார். தினமும். கையெழுத்துப் போட்டது பொய்.”

இயக்குநர் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பண்டகசாலை அதிகாரி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், நாற்காலியை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார். இடியார் மட்டும் அவர் பக்கம் திரும்பினார்.

“எதைக் கேட்டீங்க?”

“‘ஈரத் துண்டு’ங்கய்யா. மூணாவது பாட்டு. மேல போறப்ப உங்க குரல் உடையும் பாருங்க, அந்த இடம்.”

“அதை வெட்டச் சொன்னேனே!”

“வெட்டலைங்கய்யா. அப்படியே இருக்கு.”

இடியார் தன் கைவிரல்களைப் பார்த்தார். “எப்படி இருக்கும்?” என்றார். ஐம்பது வருஷம் மேடையில் கத்திய மனிதர் இவ்வளவு சின்னக் குரலில் பேசி யாரும் கண்டதில்லை.

“நல்லா இருக்கும்யா. மத்த பாட்டெல்லாம் உங்களது. அது மட்டும் என்னைப் பத்தின பாட்டு மாதிரி இருக்கும்.”

“போடுங்க. நான் கேக்கணும்.”

சட்ட அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். “முடியாது! நீங்க கேட்டா உங்க தீர்ப்பு செல்லாது!”

“செல்லாம போகட்டும். போடுய்யா!”

“கேட்கணும்னு ஆசைப்பட்டாலே பாதி கேட்ட மாதிரிதான். இப்பவே செல்லாது.” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அம்மா, நிலைமை கைமீறிடுச்சு. நடுவரே பாரபட்சம் ஆகிட்டார். வரிசைப்படுத்த இனி இந்த ஊர்ல ஆளில்லை.”

இயக்குநர் அம்மா அன்றுதான் தன் பயிற்சியின் முழுப் பயனையும் காட்டினார். அவர் பிறப்பித்த ஆணை இன்றும் பல அலுவலகங்களில் முன்னுதாரணமாகக் காட்டப்படுகிறது. ஒன்பது ஆல்பங்களுக்கும் முதலிடம். எதையும் நொறுக்கக் கூடாது. இந்த முடிவை யாரும் பின்னால் கேட்டுப் பார்த்துக் கேள்விக்குள்ளாக்காதபடி, ஒன்பதும் அரக்கு முத்திரையிடப்பட்டு, படைப்பூக்க அறையின் நடுவில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும். பொய் உறுதிமொழி கொடுத்த காப்பாளரை நீக்கினால் விஷயம் பத்திரிகைக்குப் போகும் என்பதால், பெட்டியை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கே தண்டனையாக வழங்கப்படுகிறது.

வெளியே செய்தி போனதும் மூன்று மன்றங்களும் தங்களுக்கே வெற்றி என்று ஒரே நேரத்தில் இனிப்புக் கொடுத்தன.

இப்போதெல்லாம் நிலையத்தில் கூட்டம் நெரிகிறது. மெத்தை மூட்டைகளில் புதைந்து புதைந்து எழுந்து, கண்ணாடிப் பெட்டியோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. தட்டுக்காரர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏழாவது தட்டு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. மதியத்தில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு வழுக்கைத் தலைக் கிழவர், சாயம் போன சட்டையோடு வந்து அவர் முக்காலியை ஒட்டி உட்கார்ந்தார். பொய்முடியும் தோல் சட்டையும் இல்லாததால் தட்டுக்காரருக்கே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை.

“அந்த மூணாவது பாட்டு,” என்றார் இடியார் தயங்கித் தயங்கி. “எனக்கு மறந்தே போச்சுய்யா. எப்படிப் போகும்? நீங்கதான் பாடிக் காட்டணும்.”

தட்டுக்காரருக்கு முகம் சூடானது. சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு வாழ்நாளிலேயே முதல் தடவையாக, பிறர் காது கேட்கப் பாடினார். சுருதி எங்கேயோ, அவர் எங்கேயோ. இரண்டாவது அடியில் கிழவருக்கு நினைவு வந்துவிட்டது. அவரும் கரகரத்த குரலில் சேர்ந்துகொண்டார். இருவரும் மெல்ல மேலே ஏறி, குரல் உடைகிற அந்த இடத்தை நெருங்கினார்கள்.

வரிசையில் முன்னால் நின்ற ரசிகர், மார்பில் இடியார் படம் போட்ட பனியனோடு, திரும்பி முறைத்தார்.

“பெரியவங்களே, கொஞ்சம் வாயை மூடறீங்களா? முதல் பரிசு வாங்கின ஆல்பம் இருக்கிற இடம் இது. கண்டதையும் பாடிக்கிட்டு!”

இடியார் வாயை மூடிக்கொண்டார்.

“தம்பி, இந்த ஆல்பத்தை நீங்க கேட்டிருக்கீங்களா?” என்றார் தட்டுக்காரர்.

ரசிகர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எதுக்கு சார் கேக்கணும்? அதான் முதலிடம் வந்துடுச்சே.”