ஆப்பிளுக்கு கஞ்சி போட்ட ஆளு

ஆரணி டவுன்ல வெரல வுட்டே உலகத்த தெரிஞ்சிகினவரு ஒரே ஒருத்தருதான், எங்க பக்கத்து வூட்டு பதம். அவரோட நெச பேரு இன்னான்னு அவரு சம்சாரம் சுலோச்சனாவே ஆதார் கார்ட எடுத்து பாத்துதான் சொல்லணும். பட்டு நூலுக்கு சாயம் போடறவரு. கொதிக்கிற சாயத்துல வெரல வுட்டு எடுத்து, கண்ண மூடிகினு, "பதம் வரல"ம்பாரு. இல்லன்னா "பதம் வந்துச்சி"ம்பாரு. உலகத்துல அவருக்கு இந்த ரெண்டு சேதிதான்.

பட்டறையோட நிறுத்திகினா பரவால்ல. கல்யாணத்துக்கு போனா பந்தியில ஒக்கார மாட்டாரு, நேரா சமையக்கட்டு. பாயசத்துல வெரல வுடுவாரு. ஒரு தபா சமையக்காரரு கரண்டிய ஓங்கிகினு தொரத்தறாரு, இவரு வெரல சப்பிகினே ஓடி, மண்டபத்துக்கு வெளிய நின்னு, "இன்னும் ஒரு கொதி வுடுங்க"ன்னு கத்தறாரு. ஜொரம்னு ஆஸ்பத்திரிக்கு போனா, நர்ஸம்மா தர்மாமீட்டர் எடுத்தாங்களாம். "அத்த வைங்கம்மா, நெத்திய நானே வூட்ல பதம் பாத்துட்டுதான் வரேன். டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்"னாராம்.

இந்த மனுசனுக்கு ஆப்பிள் ஆசை எங்கேர்ந்து வந்துதுன்னு கேட்டா, போன்ல வந்துதாம். வெயில் ஊர்லயும் காய்க்கிற ஆப்பிள்னு எவனோ வீடியோ போட்டுக்கீறான். கொரியர்ல ஒரு குச்சி வந்துது, பேப்பர்ல சுத்தி. எங்க மாமியா பல்லு வெளக்குன வேப்பங்குச்சி அத்தவிட தடியா இருக்கும்.

"ஏம்பா, இந்த வெயில்ல ஆளே கருவாடா ஆவறான். இது பொழைக்குமா?"

"குளிரு காமிச்சா பொழைக்கும்க்கா."

குளிருக்கு இன்னா பண்ணாருன்னு கேளுங்க. மீன் கடையில மிஞ்சற ஐஸ வாங்கியாந்து வேருல கொட்டனாரு. செடிக்கு குளிரு வந்துதோ இல்லியோ, தெருவுல இருக்கற பூன மொத்தமும் வந்துது. சுத்தி ஒக்காந்துகினு செடிய அண்ணாந்து பாக்கும். அதுங்களும் எப்ப காய்க்கும்னு காத்துகினு இருக்காப்ல.

ஆனா மூணாவது வருசம் காய்ச்சிது. மொதல்ல ஏதோ ஒண்ணு ரெண்டுதான். இந்த வைகாசியில பாத்தா, கெளை தரையில வந்து படுத்துகினுது. கடையில பளபளன்னு வெக்கறாங்களே, அது மாதிரி இல்ல. கொய்யா சைசு, பாதி பச்ச பாதி செவப்பு, கடிச்சா ஒரு கண்ணு தானா மூடிக்கும், அப்டி ஒரு புளிப்பு. மொதல்ல தெருவே ஆசையா வாங்கிகினுது. அப்பால அவரு கூடையோட வெளிய வந்தாலே வூட்டுக்கு வூடு டிவி சத்தம் நின்னு போச்சி. ஆளில்லாத மாதிரி இருக்கணும்ல.

அங்கதான் பேஜாரு. அவரு புள்ள செய்யாறு கம்பெனிக்கு ஷிப்ட் போறவன், பழைய காரு ஒண்ணு வாங்கிட்டான். காருக்கு ஷெட்டு போடணும். மரம் நிக்கற எடத்த வுட்டா வேற எடம் இல்ல. சுலோச்சனா வாசல்ல நின்னு தீர்ப்பு சொல்லிட்டா.

"நான் ஒண்ணும் கல்லு மனசுக்காரி இல்ல. பூரா பழத்தயும் கெடாம வெச்சி காட்டட்டும், மரம் இருக்கட்டும். ஒரே ஒரு பழம் அழுவி கெடந்து என் கண்ணுல பட்டுது, மறுநாளே மரம் அறுக்கற ஆளு வருவான்."

எதுக்கும் அசராத மனுசன், அன்னைக்கு மரத்த புடிச்சிகினு நின்னுட்டாரு.

நான் மதிலுக்கு இந்தாண்ட ஒரு நாற்காலிய இஸ்து போட்டுகினேன். மாங்கான்னா ஊறுகா, கத்திரிக்கான்னா வத்தலு. ஆப்பிள எப்டி வெக்கறது? எனக்கும் தெரியாது, எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. ஃப்ரிட்ஜுல அடைச்சாரு. தயிருக்கு எடம் இல்லன்னு சுலோச்சனா எல்லாத்தயும் எடுத்து வெளிய வெச்சிட்டா. வில்லையா அறுத்து காய வெக்கலாம்னு பாத்தா, அறுக்க அறுக்க கருக்குது. சாயக்காரருக்கு அது மான பிரச்சன.

"இன்னாக்கா இது, கண்ணு முன்னாடியே கலரு மாறுது?"

"உப்பு தண்ணியில போடேம்பா. வாழக்காய அப்டிதான போடறோம். சாயம் போடற அண்டாவுல மட்டும் போட்டேன்னு வெய்யி, உன்ன அதுல எறக்கி மூடி போட்டுருவேன்."

"சேச்சே, புது பக்கெட்டுக்கா."

உப்ப போட்டாரு, எலுமிச்சம்பழத்த பிழிஞ்சாரு, வெரல வுட்டாரு, கண்ண மூடனாரு. "பதம்"னாரு. வில்லை வெள்ளையா நின்னுச்சி.

மறுநாளு காலையில வெளிய வரேன். எங்க தெருவுல நெசவுக்காரங்க தறியில ஏத்தற பாவு நூல நீட்டா இழுத்து கட்டி கஞ்சி தடவுவாங்க. அதுக்கு பக்கத்துலயே இவரும் குச்சி நட்டு, கழிவு பட்டு நூலுல ஆப்பிள் வில்லைய கோத்து, தெருவோட இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரிக்கும் இழுத்து கட்டிக்கீறாரு. அந்தாண்ட பாவு விறைப்பா நிக்குது. இந்தாண்ட ஆப்பிள் தொவண்டு தொங்குது. இவருக்கு பொறுக்கல.

"கஞ்சி பத்தல"ன்னாரு.

"ஏம்பா, கஞ்சி நூலுக்கு இல்ல?"

"நூலோ பழமோ, தொவண்டா கஞ்சிதாங்க்கா."

அரிசி கஞ்சிய காய்ச்சி, ஒவ்வொரு வில்லைக்கும் ரெண்டு பக்கமும் தடவிட்டாரு. அடிச்ச வெயில்ல எல்லாம் வெறைச்சிகினு, காத்தடிச்சா தெரு பூரா கடகடன்னு சத்தம். படவேடு கோயிலுக்கு போற வண்டி ஒண்ணு நின்னு, அதுல இருந்த அம்மா, "இது இன்னா வேண்டுதலுங்க?"ன்னு கேட்டாங்க. "கொழந்த வரத்துக்கு. தொட்டு கும்புட்டுட்டு போங்க"ன்னேன். கும்புட்டுட்டுதான் போனாங்க.

தின்னு பாத்தா, புது புடவையோட முந்தானைய மென்னாப்ல இருந்துது. சுலோச்சனா அப்ப அப்பளம் பொரிச்சிகினு இருந்தா. "இத்த தின்னா பல்லுதான் போவும்"னு கோவத்துல ஒரு வில்லைய எண்ணெயில வுட்டெறிஞ்சா. அது பூ மாதிரி விரிஞ்சி மேல வந்துது. மேல அப்பளம், உள்ள ஆப்பிள். டிவிய நிறுத்துன வூட்டுக்காரங்க எல்லாம் டப்பாவ தூக்கிகினு வந்துட்டாங்க.

எல்லா பழமும் முடிஞ்சிதுன்னு நெனச்ச ஒரு காலையில, சுலோச்சனா மரத்தடியில பெருக்கிகினு இருந்தா. சருகுக்கு அடியில ஒண்ணு கெடந்துது. நல்லா அழுவனது. அத்தயே பாத்துகினு நின்னா. உள்ள தூங்கற புருசன திரும்பி பாத்தா. அப்பால குனிஞ்சி எடுத்து, ஜல்தியா மதிலுக்கு இந்தாண்ட வீசனா. என் நாற்காலி கிட்ட வந்து வுழுந்துது.

"இன்னாடி அது?"

தூக்கி வாரி போட்டுது அவளுக்கு. "கல்லுக்கா."

"கல்லுலேர்ந்து சாறு ஒழுவுதே."

"வயசாச்சின்னா கண்ணு அப்டிதான் காமிக்கும்க்கா"ன்னுட்டு மறுபடி பெருக்க ஆரம்பிச்சிட்டா.

நானும் மண்ண தள்ளி மூடிட்டேன். ஆனா காரு எங்கியாவது நிக்கணுமே. சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சி வந்த புள்ளய கூப்ட்டு, "எங்க வாசல்ல நிறுத்திக்கடா, எனக்கு இன்னா ஏரோப்ளேனா வரப்போவுது"ன்னேன்.

இப்ப காருக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒருக்களிச்சிதான் பால் வாங்க போறேன். மாசியில பூ வுடுமாம். வுட்டா மொதல்ல என்னத்தான் கூப்டுவாராம் பதம். அது வரிக்கும் நானும் இருந்து பாக்கணும்ல.