புரோட்டா மாஸ்டரின் அடி ஸ்வரம்

ஆறு வருஷம் பேஸ் கிடார் வாசித்தும், அந்த வாத்தியம் எதற்காக இருக்கிறது என்று தெரியாமலே இருந்தவன் நான். பாட்டுத் தாளில் கார்டு சி என்றால் சி தட்டுவேன், ஜி என்றால் ஜி. மிச்ச நேரத்தில் கல்யாணப் பந்தியில் என்ன பாயசம் என்று யோசிப்பேன்.

இதற்காக என்னைத் திட்டிய ஒரே மனிதர் புரோட்டா மாஸ்டர். கடலூர் மாவட்டத்தில் அவரைப் போலக் கார்டு புரட்ட இன்னொருவர் பிறக்கவில்லை. எங்கள் மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர். கார்டு என்றால் ஒன்றாக ஒலிக்கும் மூன்று ஸ்வரம். அடியில் இருப்பதைத் தூக்கி மேலே போட்டால் ஒரு புரட்டு, மறுபடி போட்டால் இரண்டாம் புரட்டு. நாள் முழுக்க இதையே செய்ததால் வந்த பெயர். ஒரு கல்யாணத்தில் பெயரை நம்பி சமையல்காரர்கள் அவரை மாவுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். மனிதர் மறுக்கவில்லை. பத்து புரோட்டா போட்டுவிட்டுத்தான் மேடையேறினார்.

"எப்புடி புரட்டுனாலும் அதே மூணுதான மாமா? அப்புறம் எதுக்கு சாய்கோடு போட்டு இன்னொரு எழுத்து?" என்று ஒருநாள் செம்மண்டலத்தில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் மாடியறையில் கேட்டேன்.

மாஸ்டர் தன் மூன்றடுக்கு கேரியரை என் மடியில் வைத்தார்.

"அடில சோறு இருந்தா அது சோறு. அடில பொரியல வச்சி, மேல சோத்த வச்சா?"

"அதுவும் சோறுதான்."

"தூக்கிப் பாரு. வேற மாதிரி ஆடும்."

மூடியில் மார்க்கரால் எழுதியிருந்தது: சோறு/பொரியல். வீட்டில் அத்தை அடுக்கை மாற்றினால் இவர் மூடியை அழித்து எழுதுவார்.

"கோட்டுக்கு முன்னாடி கார்டு பேரு, பின்னாடி அடில இருக்குறவன் பேரு. நான் என்ன புரட்டுனாலும் நீ கீழ சி தட்டிட்டா எல்லாம் போச்சி. எல்லாருக்கும் கீழ கேக்குறது உன் பேஸுதான், அடி உங்கிட்டதான் இருக்கு மாப்ள."

பயபக்தியோடு கேட்டுக்கொண்டேன். அடுத்த பாட்டிலும் சி தட்டினேன்.

போன வருஷம் அவர் மகளுக்குச் சிதம்பரத்தில் சர்ச் கல்யாணம். மகளைக் கைபிடித்து அழைத்துப் போக வேண்டியவர் அவர் என்பதால் கீபோர்டில் வேறு ஆள். மாஸ்டருக்கு ஒரே பயம். கூட்டத்துக்கு நடுவே நடந்தால் அவருக்குக் கால் பின்னும். அதற்கு மருந்தும் அவரே எழுதினார்: சி, ஜி/பி, ஏ மைனர், சி/ஜி, எஃப். அடி ஸ்வரங்களை மட்டும் பார்த்தால் சி, பி, ஏ, ஜி, எஃப் என்று படிப்படியாக இறங்கும். பீடம் வரும்வரை திரும்பத் திரும்ப இதுதான்.

"நீ ஒரு படி எறங்கு, நான் ஒரு அடி வைக்கிறேன். தாவாத மாப்ள, உழுந்துடுவேன்."

ஒத்திகையில் தாவினேன். பெஞ்சில் முட்டிக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே மாவுக்கட்டு போட்டுக்காதப்பா," என்றாள் மகள்.

கல்யாணத்தன்று முதல் மூன்று அடியும் சுத்தம். நாலாவதில் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். விரல் பழைய வழக்கப்படி சி-க்குப் போய்விட்டது. மாஸ்டர் தூக்கிய காலைத் தூக்கியபடி நின்றார். மகள் இழுத்தாள், நகரவில்லை. கீபோர்டுக்காரர் கார்டை அமுக்கியபடி என்னை முறைத்தார். பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேர்த்து விறுவிறுத்து ஜி-யைத் தேடிப் பிடித்தேன். கால் இறங்கியது.

பந்தியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சிக்குங்க மாமா. உங்கள ஒத்தக் கால்ல நிக்க வச்சிட்டேன்."

இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"அவ கைய கொஞ்ச நேரம் ஜாஸ்தியா புடிச்சிருந்தேன், வுடு."