எழுந்திருக்கக் கூடாத சேவைகள்

கம்ப்யூட்டரை முடுக்கிவிட்டு லாக்லன் தேநீர் போட்டார், குடித்தார், கோப்பையைக் கழுவியும் வைத்தார். திரையில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"என் மிச்ச ஆயுசையும் நீயே எடுத்துக்கோ," என்றார் அதனிடம்.

அவர் குடியிருந்த வளைகுடாவில் சாலை கிடையாது. வீட்டுக்கு வீடு படகில்தான் போகவேண்டும். அங்கே கணினிகளை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். யாருக்கு எது கெட்டாலும் தன் நாற்காலியில் இருந்தபடியே, இணையம் வழியாக அவர்கள் கணினிக்குள் நுழைந்து சரிசெய்துவிடுவார். மனைவி இறந்தபிறகு படகேறியதே இல்லை. எதிர்க்கரையில் தனியாக இருக்கும் மெரே என்ற பெண்மணி மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பார். "நேர்ல வாங்களேன், ரொட்டி சுட்டு வைக்கிறேன்."

"எதுக்குங்க வீணா? இங்கிருந்தே முடிச்சிடறேன்," என்பார் லாக்லன். முடித்தும் விடுவார்.

தாமதத்தின் காரணம் அவருக்குத் தெரியும். கணினி எழும்போதே கூடவே எழுந்து பின்னணியில் ஓடும் சேவைகள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்து உட்கார்ந்துகொண்ட சொந்தக்காரர்கள் மாதிரி. வேலை ஒன்றும் இல்லை, சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வேண்டும்.

கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலைத் திறந்தார். அச்சடிக்கும் சேவையை நிறுத்தி, இனித் தானாக எழாதபடி முடக்கினார். கணினியை அணைத்து மறுபடி போட்டார். வட்டம் அதே நிதானத்தில் சுற்றியது.

தொலைபேசி அடித்தது. மெரே.

"லாக்லன், பிரிண்டர் மக்கர் பண்ணுது."

"மை இருக்கான்னு பாருங்க. நான் இங்க பெரிய வேலைல இருக்கேன்."

மறுநாள் புளூடூத்தை முடக்கினார். அணைத்துப் போட்டார். திரையின் மூலையில் அதன் குறி நீலமாகச் சிரித்தது. முடக்கிய சேவை தானாகத்தான் எழாது. வேறொரு சேவை தட்டினால் எழுந்துவிடும். யார் தட்டினாலும் எழாதபடி பூட்டவும் ஒரு கட்டளை உண்டு. பூட்டினார். நீலம் போகவில்லை.

"லாக்லன், ஹெட்செட்ல சத்தமே வரல. பெர்த்ல இருக்கிற பொண்ணுகிட்ட எப்படிப் பேசறது?"

"சார்ஜ் போடுங்க."

"போட்டாச்சு. ஒருநடை வந்து பாத்தா என்ன?"

"எனக்கும் இங்க புளூடூத்தாலதான் தலைவலி, மெரே. இந்த வாரமே சரியில்ல போல."

அடுத்த நாள் அவருக்கு வெறியே பிடித்துவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டினார். கடைசியில் இணையத் தொடர்பைக் கவனிக்கும் சேவையையும் நிறுத்திப் பூட்டினார். கறுப்பு ஜன்னல் அப்படியே உறைந்தது.

ஆனால் அதே கணினியில், இணைய வானொலி ரக்பி வர்ணனையைக் கத்திக்கொண்டே இருந்தது. இணையம் செத்த பெட்டியில் வானொலி எப்படிப் பேசும்?

அப்போதுதான் ஜன்னலின் தலைப்பைப் படித்தார். 'மெரே' என்றிருந்தது.

குளிர்காலத்தில் மெரேயின் கணினியைச் சரிசெய்தபோது, அந்த ஜன்னலைத் திறந்தாலே நேராக அங்கே போய்ச் சேரும்படி அவர்தான் அமைத்தார். அதை மாற்ற மறந்திருந்தார். இத்தனை நாளும் அவர் பூட்டியதெல்லாம் எதிர்க்கரையில்! இனி உள்ளே நுழையவும் வழியில்லை.

தொலைபேசி அடித்தது.

"இப்ப இன்டர்நெட்டே போச்சு, லாக்லன்." குரலில் துளி கோபம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

"நாளைக்குத் தபால் படகுல வரேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மெரே மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். மூன்று தடவையும் பதில் சொன்னோமே தவிர, ஒருதரமாவது காதுகொடுத்துக் கேட்டோமா? மகளோடு பேசமுடியவில்லை என்று சொன்ன மனுஷியிடம் 'சார்ஜ் போடுங்க' என்றோமே!

காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பாட்டில் ஃபீஜோவாப் பழ ஜாமுமாகப் படகில் ஏறினார். படகோட்டி விரெமு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன அண்ணே, கரையைத் தாண்டி வந்துட்டீங்க! ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?"

பாதி வழிவரை லாக்லன் தாங்கிக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "என்னோடதுன்னு நெனச்சு அவங்க கம்ப்யூட்டரை ஒண்ணுவிடாமப் பூட்டிட்டேன், விரெமு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்க முன்னால நிப்பேன்?"

எதிர்க்கரைத் துறையில் மெரே நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். விரெமு எஞ்சினைக் குறைத்தான்.

"அட, அவங்களுக்குத் தெரியாதா என்ன? பிரிண்டர் நின்ன அன்னிக்கே சொல்லிட்டாங்களே: 'லாக்லன் தன்னோடதுன்னு நெனச்சு என்னோடதைப் பூட்டிக்கிட்டிருக்கார், அவர் உள்ள நுழைஞ்சிருக்கிறது என் திரையிலயே தெரியுது. நீ வாயத் தெறக்காதே, விரெமு. முழுசாப் பூட்டினாத்தான் மனுஷன் நேர்ல வருவார்'னு."