கொட்டு அடிக்காத ஊர்வலம்

தூத்துக்குடியிலேயே பொய் சொல்லத் தெரியாத கடைக்காரர் ஒரே ஒருவர்தான். மில்லர்புரத்தில் மிட்டாய்க்கடை வைத்திருக்கும் அவரை மக்ரூன் அண்ணாச்சி என்போம். எந்நேரமும் இரண்டு காதையும் பெரிய பஞ்சு உருண்டையால் அடைத்திருப்பார். "மக்ரூன் புதுசா அண்ணாச்சி?" என்று கேட்டால், "இல்ல, பழசு. நமத்துட்டு" என்பார். "சும்மா பாக்க வந்தேன்" என்றால், "பாத்தாச்சுல்லா? போலாம்" என்பார்.

இதனால் ஊரில் பாதிப் பேர் அவருக்குத் திமிர் என்றார்கள். மீதிப் பேர் கிறுக்கு என்றார்கள். அவருக்கு ஆட்டிசம். அதைத் தன் வாயாலேயே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. விடுவோமா? நண்பர்கள் சேர்ந்து விழிப்புணர்வு ஊர்வலம் ஏற்பாடு செய்தோம். எங்கள் ஊரில் ஊர்வலம் என்றால் பேண்டு செட், மைக், சரவெடி. எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டு, கடைசியாக அவரை அழைக்கப் போனோம்!

"கொட்டுச் சத்தம் தலைக்குள்ள ஆணி அடிக்கும். நான் வரல."

"விழிப்புணர்வு அண்ணாச்சி! சத்தம் வேண்டாமா?"

"பகல்லதான நடத்துதிய? எல்லாரும் முழிச்சுத்தான இருப்பாவ?"

மைக்கும் வெடியும் ரத்து. பேண்டு மாஸ்டர் மட்டும் மசியவில்லை. "உடுப்பு தேய்ச்சாச்சுலே! அடிக்காமயாவது நடக்கோம்."

ஆக, சிவப்பு உடுப்பில் பேண்டு செட் கொட்டுகளைச் சுமந்துகொண்டு மௌனமாக நடந்தது. கடல்காற்று பேனரைச் சுருட்டிவிட்டது. நாங்கள் போட்ட ரோஜா மாலை கழுத்தில் அரிக்கிறது என்று அண்ணாச்சி அதைக் கையில் ஏந்தியபடி முன்னால் போனார்.

முதல் கடையின் ஷட்டர் பாதி இறங்கியது. அடுத்தது. அதற்கும் அடுத்தது. டீக்கடையில் பாட்டு நின்றது. சாவு ஊர்வலம் போகும்போதுதான் எங்கள் ஊரில் ஷட்டரை இப்படி இறக்குவார்கள்!

ஹார்டுவேர் கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார். "அண்ணாச்சி, யாரு தவறிட்டாவ?"

"யாரும் சாகல. எனக்கு ஆட்டிசம். பொறந்ததுல இருந்தே இருக்கு. சத்தம் ஒத்துக்காது, அதான் கொட்டு இல்ல."

"ஐயோ! மருந்து கிடையாதா?"

"நோய்னாதான மருந்து? நீங்க கத்திப் பேசாம இருந்தா போதும்."

மீன்காரம்மா ஒருவர் எங்களுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். "ஏலே, பொணம் எங்கனலே?" அவருக்கும் அதே பதில். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் அண்ணாச்சி நின்று நிதானமாகச் சொன்னார். மைக் வைத்திருந்தால் ஒருவர்கூட இறங்கி வந்து கேட்டிருக்க மாட்டார்.

சாயங்காலம் கடையில் கூட்டம் நெரிந்தது. மீன்காரம்மா உட்பட அத்தனை பேரும் ரகசியம் பேசுவதுபோல் குசுகுசுவென்று மக்ரூன் கேட்டார்கள். அண்ணாச்சி முதல்முறையாகக் காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இவ்வளவு அழகான காதுகள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.