வெயில் ரைட்டரும் சங்ககிரிப் புழுதியும்

சூரியனையே சமையல்காரராக வேலைக்கு வைத்துக்கொண்ட மனிதர், சங்ககிரி வட்டாரத்தில் எங்கள் வெயில் ரைட்டரைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

அறுபதுகளின் தொடக்கம். கோயமுத்தூர் ரோட்டோரம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. அங்கே லோடு எழுதும் ரைட்டர் அவர். சேலம் டவுனிலிருந்து வந்த கிறிஸ்தவர், கல்யாணமாகாதவர். ஆபீசின் பின்கட்டில் தங்கிச் சொந்தமாகச் சமைத்துக்கொண்டிருந்தார். விறகுப் புகை ஆகாமல் நாளெல்லாம் இருமுவார். சேலத்துப் பொருட்காட்சி ஒன்றில் சூரிய அடுப்பைப் பார்த்தவர், மறுவாரமே அதை லாரி மேல் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

பெரிய வாணலி மாதிரி ஒரு அலுமினியத் தட்டு. முகம் பார்க்கும் பளபளப்பு. வெயில் அதில் பட்டுத் திரும்பி ஒரே புள்ளியில் குவியும். அந்த இடத்தில் பானையை வைத்தால் சோறு. முதல் நாள் பதினோரு மணிக்கே பானை கொதித்தது. அன்றைக்குத்தான் ரைட்டர், வெயில் ரைட்டர் ஆனார்.

ஒரு வாரம் போனது. மதியம் இரண்டு மணிக்கும் அரிசி அரிசியாகவே இருந்தது.

"சூரியனுக்கு ஏதும் ஒடம்பு சரியில்லீங்களா ரைட்டரே?" என்று கேட்டான் டிரைவர் செங்கோடன். திருச்செங்கோட்டுக்காரன், வாய்க்கு வரி கிடையாது.

ரைட்டர் தட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் சிவப்பாக வந்தது. செம்மண் புழுதி! லாரிகள் ரோட்டை விட்டு இறங்கி ஏறும்போதெல்லாம் கிளம்பும் புழுதி, மாவு சலித்த மாதிரி தட்டு முழுக்கப் படிந்திருந்தது.

அன்றிலிருந்து புழுதியோடு யுத்தம். ஈரத்துணியால் துடைத்தார், புழுதி குழம்பாகி, காய்ந்து, சுவருக்குப் பூச்சு பூசியது போல் ஆனது. தேங்காய் நாரால் தேய்த்தார். கீறல் விழுந்து பளபளப்பு போனது. கடைசியில் பழைய மல் வேட்டியைக் கிழித்து, பூப்போல ஒற்றி எடுக்கக் கற்றுக்கொண்டார். ராத்திரியில் தட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அதுவும் போதாதென்று லாரி வரும்போதெல்லாம் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு ரோட்டுக்கே ஓடினார்.

"மெதுவா வாங்கப்பா! உள்ளே சோறு வேகுது!"

பாலம்தான் உடைந்துவிட்டதோ என்று பிரேக் போட்ட வெளியூர் டிரைவர்கள், விஷயம் தெரிந்ததும் சொன்ன வார்த்தைகளைப் பத்திரிகையில் எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடுப்புக்கு லீவு. சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு மெஸ்ஸில் சாப்பிடுவார். ஒரு ஞாயிறு, பூசைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் தட்டைக் கவிழ்க்க மறந்து சைக்கிளை எடுத்துவிட்டார். துடைக்கவும் இல்லை. காலையிலிருந்து லாரிகள் தங்கள் பங்குக்குப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தன.

லோடுக்குக் காத்திருந்த செங்கோடன், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அடுப்பு இருந்த முற்றத்து வேப்பமர நிழலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டான். நிழல் நகர நகர, அரைத் தூக்கத்தில் எழுந்து கட்டிலையும் இழுத்துக்கொண்டே போனான். கடைசியாக இழுத்ததில் அவன் தலை, தட்டின் வெயில் குவிந்து பானை நிற்கும் இடத்துக்கே சரியாக வந்து சேர்ந்தது; நிழலும் விலகிவிட்டது.

நான் ஜன்னலோரம் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் தடாலென்று விழுந்தது. ரைட்டர் வெள்ளைச் சட்டையோடு பாய்ந்து ஓடினார். அப்போதுதான் நானும் பார்த்தேன்: செங்கோடன் தலைப்பாகையிலிருந்து ஊதுபத்தி போல ஒரு புகை.

ரைட்டர் கட்டிலோடு அவனைப் புரட்டித் தள்ளினார். துண்டைப் பிடுங்கிக் காலால் மிதித்தார். "மாதாவே! மாதாவே!" என்று அவன் தலைமுடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. துண்டில் மட்டும் தோசை கருகின மாதிரி ஒரு வட்டம்.

"ஏனுங்க, எந்தலையிலயா இன்னைக்குச் சோறாக்குறீங்க?" என்றான் செங்கோடன், பாதித் தூக்கத்தில்.

ரைட்டர் தட்டைத் தொட்டுப் பார்த்தார். விரல் பதியும் அளவுக்குப் புழுதி. அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"தொடச்சிருந்தா என்னாயிருக்கும் செங்கோடா?"

"தொடைக்கலையில்லீங்க? உடுங்க சாமி. உசுரு இருக்குது, பசிதான் எடுக்குது" என்று அவன் அவரைத் தூக்கி நிறுத்தினான். அவர் அழுதுகொண்டே சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அன்று மூன்று பேரும் மெஸ்ஸில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். செங்கோடன் மூன்று தடவை சோறு வாங்கியதை ரைட்டர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்பை அவர் விடவில்லை. ஆனால் மதியத்தில் யாராவது முற்றத்தில் கண்ணயர்ந்தால், பானையை விட்டுவிட்டு வந்து, படுத்திருப்பவரின் தலைமாட்டில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் தூங்கிய மதியங்களிலும் அப்படித்தான் நின்றிருக்கிறார். செங்கோடன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.