எனக்கும் சுத்துதுங்க

இனி எந்த டாக்டரிடமும் போவதில்லை என்று முடிவெடுத்தேன். காரணம் வீரம் இல்லை, பயம்.

உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றியது. போனில் தேடினேன். எடுத்த எடுப்பில் சாதாரணச் சோர்வு என்று வந்தது. அதோடு மூடியிருக்கலாம். பரீட்சைக்குப் படித்த பழக்கம், விடாமல் படித்தேன். படிக்கப் படிக்க நோய் வளர்ந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது மூளையில் கட்டி. டாக்டரும் அதையே சொல்லிவிட்டால்?

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படித்தது வணிகவியல். ஆனாலும் சித்தப்பாவின் முழங்கால், அத்தையின் ஏப்பம் எல்லாம் என்னிடம்தான் விசாரணைக்கு வரும். அப்படிப்பட்டவன் பயந்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா? இணையத்தில் பார்த்து ஓர் எண்ணெயை வரவழைத்து உச்சந்தலையில் தேய்த்துக்கொண்டேன்.

"என்னங்க இது நாத்தம்?" என்றாள் மனைவி.

"தலைசுத்தலுக்கு மருந்து. நெட்ல போட்டிருக்கான்."

"எழுதினது யாரு?"

"பேர் இல்லை."

"எண்ணெய் எங்க கிடைக்குமாம்?"

"அந்தப் பக்கத்துலயே விக்கிறான்."

"அப்ப யாரு எழுதினதுன்னு தெரிஞ்சுபோச்சு. வாங்க, டாக்டரைப் பார்க்கலாம்."

"அவசியமே இல்லை."

அவள் தன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் மாலை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் சுத்துதுங்க."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. என்னிடமிருந்து தொற்றியிருக்குமோ?

"கிளம்பு. டாக்டர்கிட்ட போகலாம்."

"எதுக்குங்க? நெட்ல பாருங்களேன்."

"நெட்டுக்கு உன் ரத்த அழுத்தம் தெரியுமா? அது எல்லாருக்கும் பொதுவா எழுதினது. உன்னைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல ஆள் வேணாமா?"

"பெரிசா ஏதாவது சொல்லிட்டா?"

"சீக்கிரம் தெரிஞ்சா சீக்கிரம் சரி பண்ணலாம். அதுக்குப் பயந்துக்கிட்டு வீட்டுலயே உட்கார்ந்திருப்பாங்களா?"

வழி முழுக்க விளக்கினேன். அவள் இவ்வளவு பணிவாகத் தலையாட்டி நான் பார்த்ததே இல்லை.

கிளினிக்கில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். "தலைசுத்தல் யாருக்கு?"

நான் அவளைக் காட்டினேன். அவள் என்னைக் காட்டினாள்.

"இவருக்குத்தான் சிஸ்டர். நேத்தே போன் பண்ணி இவர் பேரைப் பதிஞ்சு வச்சேனே."

நர்ஸ் என்னை உட்காரவைத்து, கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவிட்டார். இனி ஓடுவதென்றால் கருவியோடுதான் ஓட வேண்டும்.

"அப்ப உனக்குச் சுத்தலையா?"

"சுத்துச்சுங்க. உங்களை இங்க கொண்டுவந்து சேர்க்கிற வரைக்கும். இப்ப தேவலை."