கடைசிக்கு முந்தையவர்

ஓட்டம் தொடங்கி மூன்று நிமிடம் ஆகியும் மருந்துக்கடைக்காரர் கழிப்பறை வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரே ஒரு ஆள். அந்த ஆள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டவர், வெளியே வருவதாக இல்லை.

"சார், உள்ள தூங்கிட்டீங்களா?" என்று கதவைத் தட்டினார்.

"ரெண்டு நிமிஷம்," என்றது கதவு.

"அதைத்தான் அஞ்சு நிமிஷமா சொல்றீங்க."

நானூறு ஜோடிக் கால்கள் தடதடவென்று கிளம்பிப் போன சத்தம் தேய்ந்து தேய்ந்து, சாலைத் திருப்பத்தில் அடங்கியும் விட்டது.

இருபத்தொரு கிலோமீட்டர். மூன்று மணி நேரம் கெடு. கெடு தாண்டி வருகிறவர்களின் பெயர் பட்டியலில் ஏறாது. போன வருடம் மருந்துக்கடைக்காரரின் பெயர் ஏறவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது, முடிவுக்கோட்டில் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவைத் தரையில் படுக்கப் போட்டு, அதன்மேல் இரண்டு பேர் உட்கார்ந்து காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். தலையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டு போன ஒருவர் நின்று, "என்ன சார், வாக்கிங்கா?" என்று அன்போடு விசாரித்தார்.

அந்த விசாரிப்பை அவர் ஒரு வருடம் சுமந்தார்.

"கடைசியா வந்தா என்ன, வந்து சேந்தீங்கல்ல," என்றாள் மனைவி.

"சேந்தேன். சேந்ததா யாரும் எழுதிக்கலையே."

ஆகவே இந்த வருடம் அவருக்கு இரண்டே ஆசைகள். மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கடைசி ஆளாக வரக் கூடாது.

இதற்காக ஒரு ஞாயிறு விடாமல் ஓடினார். கூட ஓடியவர்கள் இரண்டு பேர்: ஒரு பல் டாக்டரம்மா, ஒரு பஸ் டிரைவர். மூவருக்கும் ஒரே சட்டம்தான். பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். டாக்டரம்மாவுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடிக்கும். "வாரம் பூரா நான் பேசறப்போ எதிர்ல இருக்கறவங்க வாயைத் திறந்து வச்சிருக்காங்க, பதில்தான் வர மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமைதான் பதில் கிடைக்குது," என்பார். டிரைவருக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். நிறுத்தம் வந்தால் கால் தானாக வேகம் குறைந்துவிடும். "யாரும் ஏறல, போங்க," என்று மற்ற இருவரும் சொன்ன பிறகுதான் வேகம் எடுப்பார். மகன் வேலையை விட்டது, மாமியாருக்குக் கண் அறுவை, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியது, எல்லாமே அந்தச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் பேசித் தீர்க்கப்பட்டன.

மருந்துக்கடைக்காரருக்கு எதையும் இரண்டு முறை சொல்லும் வழக்கம். முதல் முறை சொல்வது நோயாளியின் காதில் ஏறாது என்பது அவர் அனுபவம். "சாப்பிட்ட அப்புறம் ஒண்ணு. ஒண்ணு, சாப்பிட்ட அப்புறம்." மருந்து வாங்கிப் போனவர் மறுநாள் வரவில்லையென்றால் இவரே போன் போட்டு, "ஜுரம் விட்டுதா?" என்று கேட்பார். விடவில்லையென்றால் இவருக்கு வியாபாரத்தில் கை ஓடாது.

ஒருவழியாகக் கதவு திறந்து, இவர் போய் வந்து, தொடக்கக் கோட்டுக்கு ஓடியபோது ஆறு நிமிடம் போயிருந்தது. அங்கே ஒரே ஒரு ஒல்லி மனிதர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும்.

"என்ன தம்பி, நீங்களும் வரிசையில மாட்டிக்கிட்டீங்களா?"

ஒல்லி மனிதர் நிமிர்ந்து சிரித்தார். "நீங்க கிளம்புங்க சார். நான் பின்னாடியே வர்றேன்."

மருந்துக்கடைக்காரருக்கு மனசு பூரித்துவிட்டது. பின்னாடி ஒரு ஆள். எண்ணி ஒன்று. அது போதும்.

போன ஆறு நிமிடத்தைப் பிடிக்க முதல் இரண்டு கிலோமீட்டரைத் தலைதெறிக்க ஓடினார். அதன் பலனாக மூன்றாவதில் விலாவில் யாரோ கத்தியைச் சொருகியது போலப் பிடித்துக்கொண்டது. பிடித்த ஆறு நிமிடத்தில் நாலை, இடுப்பில் கை வைத்து நடந்தே திருப்பிக் கொடுத்தார். முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தார். முப்பது அடி தள்ளி ஒல்லி மனிதரும் நடந்து வந்தார்.

'பாவம், அவருக்கும் முடியல,' என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் நினைத்தார். நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டார்.

ஏழாவது கிலோமீட்டரில் அவருக்கு வேறொரு கவலை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவர் பின்னால் ஓடிவந்தால் மேட்டில் லாரி ஏறுவது மாதிரி மூச்சு கேட்கும். இந்த மனிதரிடமிருந்து சத்தமே வரவில்லை. ஆள் இருக்கிறாரா, விழுந்துவிட்டாரா?

வேகத்தைக் குறைத்தார். ஒல்லி மனிதரும் குறைத்தார். இன்னும் குறைத்தார். அவரும் குறைத்ததில் கால் ஒன்றோடொன்று பின்னி ஒரு தடவை தடுமாறினார்.

"தம்பி, உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல சார். நல்லா இருக்கேன்."

"கடைக்கு வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. என் பக்கத்துல வாங்க."

"இல்ல சார், நான் பின்னாடியே..."

"வெக்கப்படாதீங்க. இது எத்தனாவது ஓட்டம்?"

"இந்த மாதிரி ஓடறது இதுதான் முதல் தடவை."

"அதானே பாத்தேன்," என்றார் மருந்துக்கடைக்காரர். அடுத்த மூன்று கிலோமீட்டருக்கு வகுப்பு நடந்தது. கையை இப்படி மடக்க வேண்டும். தோளை இறக்க வேண்டும். மூச்சு மூக்கால். மூக்காலதான் மூச்சு. ஒல்லி மனிதர் சொன்னதெல்லாம் செய்தார். தோளை இறக்கு என்றால் இறக்கினார்.

"சார், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேன்..."

"நீங்க பேச வேணாம் தம்பி. பேசற நிலைமையில நீங்க இல்ல. கேட்டா போதும்."

பத்தாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியபோது ஒரு மணி இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. கெடுவுக்கு ஒரு நிமிடம் பின்தங்கல். ஓடிப் பிடித்துவிடலாம். ஆனால் மருந்துக்கடைக்காரரின் மனசு கேட்கவில்லை. ஒல்லி மனிதரின் மணிக்கட்டைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடியை எண்ணினார். முகம் மாறியது. மறுபடி எண்ணினார்.

"எண்பத்திரண்டு."

"சரி சார்."

"என்ன சரி? எனக்கு நூத்தி அறுபத்தெட்டு அடிக்குது. பத்து கிலோமீட்டர் ஓடின மனுஷனுக்கு எண்பத்திரண்டுன்னா இதயம் வேலை செய்யலைன்னு அர்த்தம். உக்காருங்க."

"சார், நேரம் போகுது..."

"நேரம் போனா போகட்டும். உக்காருங்க. உக்காந்துதான் ஆகணும்."

சாலையோர நடைபாதையில் அவரை உட்கார வைத்தார். பிறகு படுக்கவே வைத்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தன்னிடம் இருந்த ஒரே குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்து அவர் வாயில் கொட்டினார். பதினான்காவது கிலோமீட்டருக்கு என்று அவர் எடுத்து வைத்திருந்தது அது. அந்த வழியாக நாயோடு வந்த ஒரு பெண்மணி நின்றாள்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்மா," என்றார் ஒல்லி மனிதர், படுத்தபடியே, குளுக்கோஸ் பொடி அடைத்த வாயோடு.

"பாருங்க, பேச்சுக் குழறுது," என்றார் மருந்துக்கடைக்காரர்.

நாலு நிமிடம் கழித்து நாடியைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு. அவருக்கே லேசாக மயக்கம் வந்தது. ஆனால் முகத்தில் ரத்தம் இருந்தது. கண் தெளிவாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இரு கண்களின் கீழிமைகளையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "மெதுவா கிளம்புவோம்," என்றார்.

மெதுவாகத்தான் கிளம்பினார்கள். பதினாறாவதில் இரண்டு மணி இருபத்துமூன்று நிமிடம். பதினேழாவதில் அவருடைய வலது கெண்டைக்கால் கட்டையாக இறுகியது. குளுக்கோஸ் இல்லாத உடம்பு வேறென்ன செய்யும். விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒல்லி மனிதர் முழங்காலிட்டு, பாதத்தை மேல்நோக்கி மடக்கி, கட்டைவிரலால் ஒரு இடத்தில் அழுத்தினார். சதை மெழுகு மாதிரி இளகியது.

"கைராசி உள்ள ஆள் தம்பி நீங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"தண்ணீர் வாரியத்துல. அண்ணா, இப்பவாவது நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க முன்னாடி போங்க. என்னைப் பாக்காதீங்க. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு."

'சார்' எப்போது 'அண்ணா' ஆனது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"உங்களை விட்டுட்டா?"

"நான் வந்துடுவேன் அண்ணா."

மருந்துக்கடைக்காரர் ஒரு கணம் யோசித்தார். இரண்டு ஆசைகளும் எதிரிலேயே நின்றன. இப்போது விட்டுவிட்டுப் போனால் இரண்டும் கிடைக்கும். ஆனால் இந்த மனிதர் தனியாக வந்து சேருவார். வளைவு படுத்திருக்கும். நாற்காலிக்காரர் நிற்பார்.

"போன வருஷம் நான் கடைசியா வந்தேன் தம்பி," என்றார். மனைவிக்கும் ஞாயிறுகளில் கூட ஓடும் இரண்டு பேருக்கும் தவிர யாருக்கும் சொல்லாத விஷயம் அது. "அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். முதல் ஓட்டத்துலயே உங்களுக்கு அது வேணாம். வாங்க, நான் இழுத்துட்டுப் போறேன்."

ஒல்லி மனிதர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து ஓட ஆரம்பித்தார்.

அந்தக் கடைசி மூன்றரைக் கிலோமீட்டரை மருந்துக்கடைக்காரர் தன் வாழ்நாளில் ஓடாத வேகத்தில் ஓடினார். தான் இழுப்பதாக நினைத்துக்கொண்டு ஓடினார். பக்கத்தில் காலடி ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது, கடிகாரம் மாதிரி. அதோடு தன் காலும் சேர்ந்துகொண்டதை அவர் கவனிக்கவில்லை. "வந்துடுவீங்க தம்பி, வந்துடுவீங்க," என்று சொல்லிக்கொண்டே போனார். ஐம்பத்து மூன்று வயதில், தேய்ந்துபோன முழங்காலோடு, வேறு ஒருவருக்காக அப்படி ஓட எல்லோராலும் முடியாது.

வளைவு நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் சிவப்பு எண்கள்: 2:59:08. டாக்டரம்மாவும் டிரைவரும் எப்போதோ முடித்துவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு கத்தினார்கள்.

"ஓடுங்க, நிறுத்தம் எதுவும் இல்ல," என்றார் டிரைவர்.

கோட்டுக்கு மூன்று அடி முன்னால் மருந்துக்கடைக்காரர் நின்றுவிட்டார்.

"போங்க தம்பி."

ஒல்லி மனிதரும் நின்றார். "ஐயோ, நீங்க போங்க அண்ணா."

"நீங்கதான் முதல்ல."

"நான் உங்களுக்கு முன்னாடி போகக் கூடாது அண்ணா."

"வயசுக்கு மரியாதை எல்லாம் இங்க வேணாம். போங்க."

"என்ன பண்றாங்க ரெண்டு பேரும்?" என்றார் டாக்டரம்மா.

"சாப்பாட்டுப் பந்தியில உக்காரச் சொல்ற மாதிரி இருக்கு," என்றார் டிரைவர்.

2:59:31. ஒல்லி மனிதர் பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்து பின்னால் போகப் பார்த்தார். மருந்துக்கடைக்காரரும் பின்னால் நகர்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து கோட்டைவிட்டு ஆறு அடி தள்ளிப் போயிருந்தார்கள். கூட்டம் எண்ண ஆரம்பித்தது. 2:59:47. மருந்துக்கடைக்காரர் சட்டென்று அவருக்குப் பின்னால் போனார். கரண்டு போன லிப்டில் மாட்டிய ஆளை வெளியே தள்ளுவது போல, ஒல்லி மனிதரின் முதுகில் இரண்டு கைகளையும் வைத்து ஒரே தள்ளு. அவர் கோட்டைத் தாண்டிப் போய் டிரைவரின் துண்டில் விழுந்தார். பின்னாலேயே இவர் தாண்டினார். 2:59:55.

கோட்டருகே அட்டையும் பேனாவுமாக நின்ற பெண் எண்களை எழுதிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் குனிந்து முழங்காலைப் பிடித்து மூச்சு வாங்கியபடியே எட்டிப் பார்த்தார்.

"எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேன் சார்."

"நான்தானே கடைசி?"

"ஆமா சார்."

"சரி. பேர் ஏறிடுச்சுல்ல, அது போதும்," என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஒல்லி மனிதரின் மணிக்கட்டை மறுபடி பிடித்து எண்ணத் தொடங்கினார்.

அந்தப் பெண் அட்டையால் நெற்றியில் அடித்துக்கொண்டு ஒல்லி மனிதர் பக்கம் திரும்பினாள்.

"என்னண்ணா நீங்க, மூணு வருஷமா முதல் பரிசு வாங்கறவராச்சேன்னு நம்பி, கடைசியா ஓடறவருக்குத் தெரியாம அவருக்குத் துணையா பின்னாடியே வாங்கன்னு ஒரே ஒரு வேலை குடுத்தோம், அதுலயும் முந்திட்டீங்களே?"